நார்பர்ட் வீட்டுக் கருத்து

ஜனாதிபதி தேர்தல் நடக்கிற வருஷத்து அக்டோபரில் ஈரி நகரத்தில் யாரும் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். அந்த ஊர் இருக்கிற பென்சில்வேனியா மாநிலம் எந்தப் பக்கம் சாயும் என்று கடைசிவரை நாட்டுக்குத் தெரியாது. ஈரி எந்தப் பக்கம் சாயும் என்று ஈரிக்காரர்களுக்கே தெரியாது. அதனால் எல்லா வேட்பாளர்களும், அவர்களுடைய மனைவிமார்களும், பதிவு செய்து வைத்த குரலில் சரியாகச் சாப்பாட்டு நேரம் பார்த்துக் கூப்பிடுவார்கள். கூடப் பிறந்தவளுக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் அந்த மாதத்தில் ஈரிக்குத் தகவல் சொல்ல முடியாது. மணி அடித்து அடித்து ஓய்ந்துவிடும்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் மணி அடித்த கையோடு எடுப்பார்கள். ஊரின் கிழக்குப் பக்கம், ஏரிக்காற்று நேராக வந்து முகத்தில் அறைகிற தெருவில் இருக்கிற நார்பர்ட் கோஸ்லோவின் வீடு அது. எதிர்முனையில் பேசுவது பதிவு செய்த குரல் என்று தெரிந்தாலும் அவர் விடமாட்டார். "கொஞ்சம் நில்லுங்க, நான் சொல்றதையும் கேட்டுட்டுப் போங்க" என்பார். குரல் தன்பாட்டுக்குப் பேசி முடித்து வைத்துவிடும். நார்பர்ட் மேலும் ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வைப்பார்.

ரயில் எஞ்சின் செய்யும் ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எழுபது வயதைத் தாண்டிவிட்டார். கருத்து இல்லாத விஷயம் என்று ஒன்றை அவர் இன்னும் சந்திக்கவில்லை. வரி, எல்லைக் காவல், ஏரியில் மீன் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கிட்டார் வாசிக்கப் பாதிரியார் அனுமதித்தது என்று எதைத் தொட்டாலும் அவரிடம் சரக்கு தயாராக இருக்கும். அவர் கழுதைச் சின்னத்துக்காரரா யானைச் சின்னத்துக்காரரா என்று நான் சொல்லப்போவதில்லை. இரண்டு கட்சிக்காரர்களுடைய முகத்திலும் நான் விழிக்க வேண்டியிருக்கிறது. அந்த வருஷம் ஒரு கவர்னரும் ஒரு செனட்டரும் மோதினார்கள். நார்பர்ட் கவர்னர் பக்கம். அதுவரை தெரிந்தால் போதும்.

இப்படிப்பட்ட மனிதரை, வாழ்நாளில், ஒரு கருத்துக்கணிப்புக்காரர்கூடக் கூப்பிட்டதில்லை. அவருடைய ஒரே குறை அதுதான். தொலைக்காட்சியில் "அமெரிக்கர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நினைப்பது என்னவென்றால்" என்று ஆரம்பித்தாலே போதும், நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். "யாரைக் கேட்டே? என்னைக் கேட்டியா?" என்று பெட்டியைப் பார்த்துக் கத்துவார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "ஜென், நம்மள யாராவது கேட்டாங்களா?" என்பார். அங்கிருந்து அவர் மனைவி ஜெனிவீவ் அம்மாள், "இல்ல, நார்ப்" என்பார். நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில் நடந்துவந்த அரசியல் விவாதம் இவ்வளவுதான்.

வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இன்னொன்றும் உண்டு. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற டக் ஹாலரன், நார்பர்ட்டோடு தினமும் காலையில் ஓட்டலில் உட்கார்ந்து முட்டை சாப்பிடுகிறவர். அவரை மூன்று தேர்தலில் கேட்டிருக்கிறார்கள். வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டால்கூட "அது அவங்கவங்க பார்வையைப் பொறுத்தது" என்கிற ஆள் ஹாலரன். அவரைப் போய்க் கேட்டிருக்கிறார்கள்.

"அப்படி என்னதான்டா சொன்னே?" என்று ஒருமுறை நார்பர்ட் கேட்டார்.

"முடிவு பண்ணலன்னேன்."

"மூணு தடவையுமா?"

"அவசரம் என்ன இருக்கு?" என்று முட்டையில் மிளகுத்தூளைத் தூவினார் ஹாலரன்.

ஜெனிவீவ் அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், பள்ளிக்கூடச் சிற்றுண்டிக் கூடத்தில் பல வருஷம் சமைத்தவர். சின்ன உருவம், சின்னக் குரல். கார் ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் நார்பர்ட் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அவர் கொடுத்த விளக்கங்கள் முடிவதற்குள் அம்மாளுக்கு ஆசை விட்டுப்போய்விட்டது. கடைக்கும் கோயிலுக்கும் தேர்தலுக்கும் நார்பர்ட்தான் அழைத்துப் போவார். தேர்தலன்று வழியெல்லாம் யாருக்கு ஏன் போட வேண்டும் என்று விளக்கிக்கொண்டே போவார். அம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வருவார். ஓட்டலில் யாராவது தேர்தல் பேச்சை எடுத்தால், "எங்க வீட்டுல கவர்னருக்கு ரெண்டு ஓட்டு" என்று நார்பர்ட் இரண்டு விரலைக் காட்டுவார்.

அந்த அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அழைப்பு வந்தது. அம்மாள் பியரோகி என்கிற போலந்துக் கொழுக்கட்டைக்கு மாவு திரட்டிக்கொண்டிருந்தார். நார்பர்ட் சமையலறைச் சுவரில் இருந்த தொலைபேசியைப் பாய்ந்து எடுத்தார்.

"வணக்கம் சார், என் பேரு பிரெண்டா. தேர்தலைப் பத்தி ஒரு கருத்துக்கணிப்பு நடத்தறோம். எதையும் விக்கறதுக்காகக் கூப்பிடல, நன்கொடையும் கேக்கல."

மூச்சு விடுகிற குரல். நிஜமான பெண். நார்பர்ட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொலைக்காட்சியை நிறுத்தும்படி மனைவிக்குக் கையைக் காட்டி, தொண்டையைச் செருமினார்.

"கேளும்மா. எவ்வளவு நேரம் வேணாலும் கேளு. எனக்கு வேற வேலையே இல்ல."

"ரொம்ப நன்றி சார். உங்க வீட்டுல பதினெட்டு வயசுக்கு மேற்பட்டவங்க எத்தனை பேர்?"

"ரெண்டு பேர். நானும் என் பொண்டாட்டியும். பசங்க ரெண்டும் வேலை தேடித் தெற்கே போயிட்டானுங்க. அதுக்கு யார் காரணம்னு எனக்கு ஒரு கருத்து இருக்கு, எழுதிக்கறியா?"

"உங்க ரெண்டு பேர்ல யாருக்கு சார் கடைசியா பிறந்தநாள் வந்துச்சு?"

"என்னது?"

"கடைசியா பிறந்தநாள் வந்தது யாருக்கு சார்?"

"அவளுக்குத்தான். போன வாரம். கேக்குகூட இன்னும் மிச்சம் இருக்கு. ஏன்?"

"அப்படின்னா நான் அவங்ககிட்டதான் பேசணும் சார். இருக்காங்களா?"

 பொய் சொல்லியிருக்கலாமே என்று நார்பர்ட்டுக்குத் தோன்றுவதற்குள் உண்மையைச் சொல்லித் தொலைத்திருந்தார்.

"எனக்கும் பிப்ரவரில வருதும்மா. இதோ, பக்கத்துலதான்."

"முடிஞ்சுபோன பிறந்தநாள்தான் கணக்கு சார்."

"அவளுக்கு அரசியலே தெரியாது. நான் சொன்னா அவ சொன்ன மாதிரிதான். ஊர்ல யாரை வேணாலும் கேட்டுப் பாரு."

"புரியுது சார். ஆனா எப்பவும் போனை எடுக்கறவங்களையே கேட்டா, பேசணும்னு ஆசைப்படறவங்க மட்டுந்தான் கிடைப்பாங்க. அதுக்காகத்தான் இந்த ஏற்பாடு."

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, நார்பர்ட்டை நேரில் பார்த்துவிட்டுத்தான் செய்திருக்க வேண்டும். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவர் மனைவியைப் பார்த்தார்.

"ஜென், உனக்குத்தான்."

"யாரு, என் தங்கச்சியா?"

"இல்ல. அமெரிக்கா."

அம்மாள் கை மாவைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். "ஆமாம்மா... ஆமா, நான்தான்... ஐயோ, நன்றிம்மா, கேக்கு நல்லா இருந்துச்சு" என்றார். பிறகு, பக்கத்தில் நின்று உதட்டை அசைத்து "கவர்னர், கவர்னர்" என்று எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்த கணவரை ஒரு பார்வை பார்த்தார். நிலவறைக்குப் போகும் கதவைத் திறந்து, சுருள் கம்பியை இழுத்த மட்டும் இழுத்துக்கொண்டு, படியில் இறங்கி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

நார்பர்ட் கதவில் காதை வைத்தார். இதில் அவருக்கு வெட்கம் எதுவும் இல்லை. அவர் வீட்டுக் கதவுதானே. ஆனால் பதில்தான் காதில் விழுந்தது, கேள்வி விழவில்லை. "கடுமையா எதிர்க்கிறேன்" என்றார் அம்மாள். அந்தக் குரலில் அப்படியொரு தெம்பை அவர் கேட்டதே இல்லை. "ரொம்ப அதிருப்தி... அதைவிட அதிகமா ஒன்னு இருக்கா? சரி, ரொம்பன்னே போட்டுக்கோ." கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு. யாரோடு சிரிக்கிறாள்? பிறகு, "இருக்கியாம்மா?" அதற்கப்புறம் மெதுவாக, "இல்லம்மா. ஒரு தடவைகூட இல்ல" என்றார் அம்மாள். அதற்கு மேல் குரல் தாழ்ந்துவிட்டது, ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

கதவு திறந்தபோது உருளைக்கிழங்குப் பூரணம் ஆறிக் கெட்டியாகிவிட்டிருந்தது. அம்மாள் ரிசீவரை மாட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மாவை வட்டமாக வெட்ட ஆரம்பித்தார்.

"என்ன கேட்டாங்க?"

"எல்லாந்தான்."

"நீ என்ன சொன்னே?"

"ரகசியமா வெச்சுப்போம்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

"ஏன்டி, அவங்கதான் ரகசியமா வெச்சுக்கணும். நீ இல்ல."

"முன்பின் தெரியாத பொண்ணு, அதுவே வெச்சுக்கறப்ப நான் வெச்சுக்க மாட்டேனா?" என்று அம்மாள் வட்டங்களை மடித்து ஓரத்தை அழுத்தினார்.

அன்றிரவு பியரோகியைத் தட்டில் உருட்டிக்கொண்டே இருந்தார் அவர். எதற்கு அதிருப்தி? எதற்கு ஒரு தடவைகூட இல்லை? கடைசியில் தானே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டார். இதற்கு முன் உங்களை யாராவது கருத்துக்கணிப்பில் கேட்டதுண்டா என்று கேட்டிருப்பார்கள். இல்லை என்றிருக்கிறாள். அவ்வளவுதான். மற்றதெல்லாம் செனட்டரைப் பற்றியது. செனட்டரைப் பற்றி என்றால் ரொம்ப அதிருப்திகூடப் போதாது.

மறுநாள் காலை ஓட்டலுக்குள் நுழையும்போதே நார்பர்ட்டின் நடை மாறியிருந்தது.

"எங்க வீட்டைக் கேட்டாங்கடா, நேத்து" என்றார். யாரைக் கேட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை. கேட்டது வீட்டைத்தான் என்பதில் பொய்யும் இல்லை.

"நிஜமாவா? என்ன சொன்னே?" என்றார் ஹாலரன்.

"விடுவேனா? கிழிச்சுட்டேன். எல்லாத்துக்கும் கடுமையான்னு ஆரம்பிச்சு, எதிர்க்கிறேன்னு முடிச்சேன். அந்தப் பொண்ணே ஆடிப்போச்சு." இதில் 'நான்' என்ற சொல்லை எப்படியோ தவிர்த்துவிட்டதாக அவருக்குள் ஒரு திருப்தி. பரிமாறுகிற ரோஸ்மேரி இலவசமாக இன்னொரு காபி ஊற்றினாள். அந்த வாரம் முழுக்க அந்த மேஜைக்கு அவர்தான் ராஜா. பக்கத்து மேஜைக்காரர்கள்கூட, கணிப்பு எப்போது வெளிவரும் என்று அவரிடம் விசாரித்தார்கள்.

தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வந்தது. திங்கட்கிழமை காலை ஹாலரன் அதைக் கொண்டுவந்து கெட்சப் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டார். கவர்னரும் செனட்டரும் சமம். எப்படி வேண்டுமானாலும் போகலாமாம். ஹாலரன் கீழே இறங்கி, சின்ன எழுத்தில் இருந்ததையெல்லாம் வாசித்துக்கொண்டே போனார்.

"இதைக் கேளுங்கப்பா. கல்யாணமானவங்ககிட்ட ஒரு கேள்வி. ஜனாதிபதி தேர்தல்ல நீங்களும் உங்க கணவரும் அல்லது மனைவியும் ஒரே ஆளுக்கு ஓட்டுப் போட்டதுண்டா? எப்பவும், இது பாதிப் பேருக்கு மேல. பெரும்பாலும், கொஞ்சம் பேர். சில சமயம், இன்னும் கொஞ்சம் பேர். அப்புறம் பாரு, நூத்துக்கு நாலு பேர்." ஹாலரன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஒரு தடவைகூட இல்ல!"

மேஜை முழுக்கச் சிரித்தது. நார்பர்ட்டும் சிரிக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"யாரோ பாவப்பட்ட ஜென்மம்" என்றார் ஹாலரன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆயுசு பூரா பக்கத்துல படுத்துக்கிட்டு, ஒரே ஒரு தடவைகூட! அந்த மனுஷனுக்குத் தெரியுமோ தெரியாதோ. டேய் நார்ப், உன்கிட்ட கேட்டதும் இதே கணிப்புதானே? நீ எப்பவும்னுதானே சொன்னே?"

நார்பர்ட் முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நார்ப்?"

"ஞாபகம் இல்ல."

"இதைப் பத்தி உனக்கு ஒரு கருத்தும் இல்லையா?" என்றாள் ரோஸ்மேரி, காபிக் கூஜாவோடு நின்றபடி. உடம்புக்கு எதுவும் ஆகிவிட்டதோ என்று அவளுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

"இல்ல" என்றார் நார்பர்ட். அந்த ஓட்டலில் அவர் அந்தச் சொல்லைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மாள் பின்பக்கத்தில் மேப்பிள் சருகுகளைக் கூட்டிக் காகிதப் பைகளில் அடைத்துக்கொண்டிருந்தார். நார்பர்ட் நேராகப் போய் எதிரில் நின்றார்.

"ஒரு தடவைகூட இல்லையா?"

அம்மாளுக்கு உடனே புரிந்துவிட்டது. பேப்பரில் வரும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

"பையைக் கொஞ்சம் விரிச்சுப் பிடி" என்றார்.

நார்பர்ட் விரித்துப் பிடித்தார். அம்மாள் சருகை அள்ளிப் போட்டார்.

"முதல் தேர்தல்ல சும்மா ஒரு விளையாட்டா செஞ்சேன், நார்ப். நீ வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தே. நானும் நீ சொன்னதைச் செய்யத்தான் உள்ளே போனேன். அந்த மெஷின்ல திரைச்சீலை இருக்கும்ல, நெம்புகோலை இழுத்தா மூடிக்குமே. மூடிச்சு. அவ்வளவு அமைதி. உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு அப்புறம் அப்படி ஒரு அமைதி எனக்குக் கிடைச்சதே இல்ல. கொஞ்ச நேரம் சும்மா நின்னேன். அப்புறம் அந்தப் பக்கத்து ஆளுக்குப் போட்டேன். நல்லா இருந்துச்சு."

"அப்புறம் எல்லாத் தேர்தல்லயுமா?"

"அப்புறமெல்லாம் யோசிச்சுத்தான் போட்டேன். நீ சொல்றது எல்லாத்தையும் கேட்டேனே. ஒன்னு விடாம கேட்டேன்."

"கேட்டுமா?"

"கேட்டதாலதான். கேக்கக் கேக்க, இது சரியா வராதுன்னு தோணிச்சு."

நார்பர்ட்டின் கையிலிருந்து பை நழுவியது. "எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ கேக்கலயே." அம்மாள் துடைப்பத்தில் சாய்ந்துகொண்டார். "அந்தப் பொண்ணு கேட்டுச்சு. கேட்டுட்டுச் சும்மா இருந்துச்சு. எனக்கு லைன் கட்டாயிடுச்சோன்னு சந்தேகம். இருக்கியாம்மான்னேன். இருக்கேன் மேடம், நீங்க சொல்லுங்கன்னுச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு, நார்ப். இந்த வயசுல, நிலவறைப் படியில உக்காந்துக்கிட்டு. அதுக்கப்புறந்தான் நான் எல்லாத்தையும் சொன்னேன். செனட்டரை எதுக்குப் பிடிக்குதுன்னா..."

"செனட்டரா! அந்த ஆளு நம்ம ஆலையை என்ன பண்ணான் தெரியுமா உனக்கு? அவனுக்கு ரயிலுக்கும் டிராமுக்கும் வித்தியாசம் தெரியாது! நான் சொல்றேன் கேளு" என்று நார்பர்ட் ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. நடுவில் அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அம்மாள் பையின் வாயை மடித்துத் தெருவோரம் இழுத்துப் போய்க்கொண்டிருந்தார்.

அன்று முழுக்க அவர் மனைவியோடு பேசவில்லை. பெரிய தண்டனை கொடுக்கிறோம் என்று அவருக்கு நினைப்பு. அம்மாள் நிம்மதியாக ஒரு ஸ்வெட்டரின் கையைப் பின்னி முடித்தார், ரேடியோவில் ஒரு கச்சேரியை முழுசாகக் கேட்டார்.

நார்பர்ட்டின் மனசுக்குள்தான் ஓயாத இரைச்சல். அவர் போட்ட ஒவ்வொரு ஓட்டையும், பக்கத்து மெஷினில் நின்று, அதே நிமிஷத்தில், அவர் மனைவி அழித்திருக்கிறார். நாட்டைப் பொறுத்தவரை நார்பர்ட் கோஸ்லோ என்று ஒருவர் பிறக்கவே இல்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை என்பது போக, அவர் சொன்னதும் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அதைவிட, அப்படி ஒரு அமைதி கிடைச்சதே இல்ல என்று சொன்னாளே, அது முள்ளாகக் குத்தியது. தான் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பதாகவும் அவள் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பதாகவும்தானே இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது ஏரியிலிருந்து ஆலங்கட்டியும் பனியும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. வாக்குச்சாவடி தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில். நடந்து போகிற தூரம் இல்லை. அம்மாளின் முழங்காலுக்கு நிச்சயம் இல்லை. நார்பர்ட் காபியோடு மேஜையில் உட்கார்ந்திருந்தார். அம்மாள் நல்ல கோட்டைப் போட்டு, தலையில் ஸ்கார்ஃப் கட்டி, கைப்பையோடு வாசற்கதவருகே வந்து நின்றார். எதுவும் கேட்கவில்லை.

நார்பர்ட்டின் புத்தி வேலை செய்தது. ஒருத்தர் ஓட்டைத் தடுப்பது குற்றம். காரை எடுக்காமல் இருப்பது குற்றமா? அதுகூட வேண்டாம், கடையில் ஒரு வேலை இருக்கிறது என்று தனியாகக் கிளம்பினால் போதும். போகிற வழியில் சாவடி. அவர் ஓட்டு ஒன்று உள்ளே விழும். எதிரில் அழிக்க ஆளிருக்காது. முதல் தடவையாக, கணக்கில் அவர் பேர் ஏறும். அதுவும் இரண்டு பேரும் சமமாக நிற்கிற வருஷத்தில்.

"நான் ஹாலரனைக் கூப்பிடட்டுமா?" என்றார் அம்மாள்.

"எதுக்கு? நீ உள்ள போய்ட்டு வந்த பின்னாடியும் அவன் அங்கேயே நின்னு யோசிச்சுக்கிட்டிருப்பான்" என்று உறுமிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார் நார்பர்ட்.

கார்க் கண்ணாடியில் பனி உறைந்திருந்தது. சுரண்டியை எடுத்து ஓட்டுகிற பக்கத்தை மட்டும் சுரண்டினார். அவர் பார்த்து ஓட்டுவதற்கு அது போதும். உள்ளே உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினார். சூடாகட்டும் என்று இருந்தார். வீட்டு வாசலைப் பார்த்தார். கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சின்ன உருவம் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது. கையை ஆட்டிக் கூப்பிடவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. கியர் மேல் கையை வைத்தபடி அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். பிறகு இறங்கிப் போய், அந்தப் பக்கத்துக் கண்ணாடியையும் சுரண்ட ஆரம்பித்தார்.

அம்மாள் ஏறி உட்கார்ந்தார். வண்டி ரெண்டு தெரு தாண்டியது.

"ஒரு வருஷம் உனக்குக் கால்ல கட்டு" என்றார் நார்பர்ட், ரோட்டைப் பார்த்தபடி. "நிலவறைப் படியில விழுந்தியே. இதே மாதிரி பனி. கார்லேருந்து மெஷின் வரைக்கும் நானே தூக்கிட்டுப் போனேன். ஊரே கை தட்டிச்சு."

"ஆமா."

"அன்னிக்குமா?"

"அன்னிக்குந்தான்."

நார்பர்ட் ஒரு சிவப்பு விளக்கில் நின்றார். தூக்கிக்கொண்டு போனதை எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்லியிருப்பார்! தன் ஓட்டுக்குத் தானே கொள்ளி வைக்க, மூச்சிரைக்க, தோளில் சுமந்து கொண்டுபோயிருக்கிறார். கோபம் வரும் என்று பார்த்தார். அதற்குப் பதிலாக மூக்கு வழியாக ஒரு சிரிப்புதான் வந்தது.

"ரொம்ப கனம்டி நீ."

"தெரியும். உனக்கு மூச்சு வாங்கிச்சு. அப்பவும் பேசறதை நிறுத்தலயே."

விளக்கு பச்சையானது. நார்பர்ட் வண்டியை நகர்த்தினார். கொஞ்ச தூரம் போனதும், தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, சொல்லு. அந்த செனட்டரை எதுக்குப் பிடிக்குது?" என்றார்.

அம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தார். கேலி செய்கிறாரோ என்று பார்த்திருக்கலாம். பிறகு கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் காசு இல்லாமல் தட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போன பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். தங்கையின் மருந்துச் செலவைப் பற்றிச் சொன்னார். தெற்கே போன பையன்களைப் பற்றிச் சொன்னார். அதற்கு யார் காரணம் என்பதில் அவருக்கும் ஒரு கருத்து இருந்தது. நார்பர்ட்டின் கருத்துக்கு அது நேர் எதிர். அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கழுத்து சிவந்தது. ரெண்டு தடவை வாய் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

"இருக்கியா?" என்றார் அம்மாள் சந்தேகத்தோடு.

"சொல்லு" என்றார் நார்பர்ட்.

தீயணைப்பு நிலையம் வந்தது. வாசலுக்கு நேரே, பனி ஒதுக்கிய நல்ல இடமாக ஒன்று காலியாக இருந்தது. பின்னால் வந்தவர் அதைப் பார்த்து ஹாரன் அடித்தார். அம்மாள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நார்பர்ட் நிறுத்தாமல் வண்டியைத் திருப்பி, இன்னொரு சுற்று போனார்.